இரண்டு பெட்டிகள்

ஸ்ட்ரோம்னஸ் துறைமுகத்தின் மாடியறையில்
இஷ்பெல் ஃப்ளெட் சீட்டுகளைப் பிரிக்கிறாள்.
அகராதி அலுவலகம் எடின்பரோவிலிருந்து
இம்முறை அனுப்பியது ஒரே சொல்: இன்வர்ட்.
இடப்பக்கப் பெட்டி, நேர்ப்பொருள்.
வலப்பக்கப் பெட்டி, உருவகம்.
சீட்டுக்கு நாற்பது பென்ஸ்.

'கதவு உள்நோக்கித் திறக்கிறது, ஆபத்து.'
தீயணைப்பு ஆய்வாளர். இடப்பக்கம்.
உள்நோக்கி வளர்ந்த கால்விரல் நகம்,
பாத வைத்தியரின் ரசீது, பதினெட்டு பவுண்டு. இடப்பக்கம்.
உள்வரும் சரக்கு: ஆட்டுத்தீவனம், ஜன்னல் கண்ணாடி,
ஒரு பியானோ.
பியானோவில் கொஞ்சம் தயங்கினாள்.
உள்முக அமைதி: ஐந்து சீட்டுகள்,
ஐந்தும் ஒரே யோகா விளம்பரம்.
வலப்பக்கம், வலப்பக்கம். இரண்டு பவுண்டு லாபம்.

வெளியே காற்று.
இந்தத் தீவில் வெளிப்பக்கம் திறக்கும் கதவு
ஒரு குளிர்காலம் தாங்காது.
ஆய்வாளர் தெற்கிலிருந்து வந்தவர்.

மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
அடுத்த சீட்டு, வழிகாட்டிப் படகின் குறிப்பேட்டு நகல்.
குறுக்குக்கோடு போட மறக்கும் அந்த 'டி'யை
அவள் மளிகைப் பட்டியலில் தினமும் பார்க்கிறாள்.
மேன்ஸியின் கை.
'அந்தி. இன்வர்ட் திரும்பினேன்.'
கப்பல் பெயர் இல்லை, ஆழம் இல்லை, நீரோட்டம் இல்லை.
தேதி மட்டும்:
தம்பியைத் தேடுவதை நிறுத்திய நாள்.

படகுதான் துறைக்குத் திரும்பியிருக்கும்.
அன்றிரவு மீன்சூப் குடித்தான்,
பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் நேராக வைத்தான்.
பிறகு பதினோரு வருஷம்
வானிலை, டீசல் விலை, நாய்க்கு ஊசி.
பேசாத சுபாவம் என்று
ஊரோடு சேர்ந்து அவளும் சொல்லியிருக்கிறாள்.

தமிழில் எழுதும் எனக்கு இதில் ஒரு வசதி:
உள் என்று தொட்டால் போதும்,
உள்ளம் கூடவே எழுந்து வந்துவிடும்,
உள்ளது, இல்லாதது எல்லாம் பின்னாலேயே.
அவளுக்கு இருப்பது இரண்டு பெட்டி.

விளக்கை அணைத்தாள்.
அந்த ஆபத்தான கதவு கீழேதான்;
வெளியே போக வேண்டுமென்றால்
தன் பக்கம் இழுத்து
ஓர் அடி பின்னால் நகர வேண்டும்.
நகர்ந்தாள். உப்புக்காற்று முகத்தில் அறைந்தது.

சீட்டு கோட்டுப் பையில் இருக்கிறது.
இந்நேரம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பான்,
தோலை ஒரே சுருளாக.
எந்தப் பெட்டி என்று
எழுதியவனையே கேட்டுவிடலாம்.
நாற்பது பென்ஸ் போனால் போகட்டும்.