மூக்கின் மேல் ஈ

குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்றான் மைத்துனன்.
மூன்று கோப்பை. எண்ணிக்கொண்டுதான் குடித்தேன்.
எண்ணாமல் விட்டது ரொட்டியை.

தெலாவியில் கல்யாண விருந்து.
திராட்சை பறித்து முடித்த வாரம்.
தட்டின் மேல் தட்டு, அதன் மேல் இன்னொரு தட்டு,
பாலாடைக்கட்டி அடைத்துச் சுட்ட ரொட்டி
ஆவி பறக்க வந்துகொண்டே இருந்தது.
மாவுதான் என் தொழில்.
திபிலீசியில் பதினாறு வருடமாகக்
களிமண் அடுப்பின் வாய்க்குள் இடுப்புவரை குனிந்து
சூட்டுச் சுவரில் ரொட்டி அறைகிறவன்.
அடுத்தவன் கைப்பக்குவத்தைப் பார்க்காமல் எப்படி விடுவேன்?
பிறகு ஆடினேன். வியர்த்தது.
வியர்வை அடங்குமுன் படுத்துவிட்டேன்.
கொஞ்சம் உலாவிவிட்டுப் படு, உலாவிவிட்டுப் படு என்று
நதேலா சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தவள்.

விடிகாலை நான்கு, அடுப்பு மூட்டும் நேரம்.
விழிப்பு வந்தது, கால் வரவில்லை.
தொடை நேற்றிரவே கனத்தது;
ஆட்டத்தின் அசதி என்று ஏமாந்தேன்.
அப்புறம் தோள், அப்புறம் கை.
தண்ணீர் அதிகமாகிப்போன மாவுபோல்
கட்டிலில் பரவிக் கிடந்தேன்.

மரத்துப்போகவில்லை. இதைத்தான் யாரும் நம்புவதில்லை.
போர்வையின் முரட்டு நூல் தெரிகிறது,
சன்னல் இடுக்கின் குளிர் தெரிகிறது,
மூக்கின் மேல் ஒரு ஈ
ஆறு காலாலும் நடப்பது தெரிகிறது.
ஆறு கால்!

நதேலாவின் சித்தி சிலுவை போட்டாள்.
பக்கத்து வீட்டு ஜும்பர் வினிகர் கொண்டுவந்து தேய்த்தார்.
யாரோ தேன் கலந்த வெந்நீரை உதட்டருகே நீட்ட
வாயை இறுக மூடிக்கொண்டேன்.
நல்லவேளை, வாய் மட்டும் இன்னும் என் சொல் கேட்டது.

"எச்சிலை விழுங்கு" என்றாள் நதேலா.
விழுங்கினேன்.
"ஒரே மூச்சில் இருபதுவரை எண்ணு."
எண்ணினேன்.
அதற்குப் பிறகுதான் அவள் முகத்தில் நிறம் வந்தது.
பையிலிருந்து பொட்டாசியத் தூள்,
சர்க்கரை இல்லாத வெறும் தண்ணீர், உறிஞ்சுகுழல்.
கண்ணை மூடிக்கொண்டு கடலைக் குடிப்பதுபோல்.

ஆம்புலன்ஸில் வந்தவர் சின்னப் பையன்,
இரவெல்லாம் தூங்காத டாக்டர்.
பெட்டியைத் திறந்ததும் கைக்கு வந்தது குளுக்கோஸ் பாட்டில்.

அப்போதுதான் என் எலிசோ, பதினோரு வயது,
மடித்து மடித்து இற்றுப்போன காகிதத்தை விரித்து,
வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கும் குரலில் ஆரம்பித்தாள்:

என் அப்பா பெயர் மல்காஸ்.
சிலசமயம் இவர் இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிவிடும்,
தசைகள் நின்றுவிடும்.
இது பக்கவாதம் அல்ல. நடிப்பும் அல்ல.
குளுக்கோஸ் ஏற்றாதீர்கள், இன்னும் இறங்கும்.
இதயத்தின் துடிப்பைப் பாருங்கள்.
இரத்தம் எடுத்துப் பாருங்கள்.
இவருக்கு எல்லாம் கேட்கும்.

அதோடு முடியும், நான் எழுதியது.
அவள் முடிக்கவில்லை.
"இவரை வைத்துக்கொண்டே இவரைப் பற்றிப் பேசாதீர்கள்."

அறையில் சத்தமே இல்லை.
பாட்டில் பெட்டிக்குள் திரும்பிப் போனது.
மார்பில் கம்பிகள் ஒட்டினார்,
கோடுகளைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்,
பிறகு குனிந்து என்னிடம் பேசினார். என்னிடம்!
கூடவே வருகிறேன், ஆஸ்பத்திரியில் கவனித்துக்கொண்டே கொடுப்போம் என்று.

பத்தேகால் மணிக்கு வலது கட்டைவிரல்.
வெகுநேரம் கழித்து மணிக்கட்டு.
கால் எழுமா என்று எல்லோரும் காலையே பார்த்திருக்க
நான் கையைத் தூக்கினேன்,
இரண்டு முறை பாதிவழியில் விழுந்தது,
மூன்றாம் முறை
மூக்கைச் சொறிந்துகொண்டேன்.

ஈ தெலாவியிலேயே தங்கிவிட்டது.
அரிப்பு மட்டும் கூட வந்திருந்தது.