ஐம்பது நிமிடம்

வெளியே மைனஸ் ஐம்பத்தொன்று.
திரையிலும் அதையேதான் வைத்திருக்கிறான் எர்ச்சிமென்,
ஒரு டிகிரி கூட்டவில்லை, குறைக்கவில்லை.
சமையலறையில் வெந்நீர்க் குழாய் தகிக்கிறது.
பனியனோடு உட்கார்ந்து வியர்க்கிறான்.

சிமுலேட்டரில் எல்லாம் இருக்கிறது:
ஓடுதள ஓரத்து மஞ்சள் விளக்கு,
யானா ஆற்றின் மேல் ஏற மறந்து நின்ற புகை,
சுழல் தகடுகளில் உறைபனி.
எண்ணெய்க்கு மட்டும் குளிரவில்லை.
பொத்தானை அழுத்தினால் போதும்,
நாற்பது நொடியில் இரண்டு எஞ்சினும் எழுந்து
கும்பிடு போடாத குறை.
"பொய்" என்றான் முதல் நாள்.
விற்றவனுக்குக் கடிதம் எழுதப்போவதாகச் சொன்னான்.
எழுதவில்லை.

அதற்குப் பதில் இது:
முட்டை வேகவைக்கும் கடிகாரத்தை
ஐம்பதுக்குத் திருகி ஜன்னலில் வைக்கிறான்.
திரையில் ஹெலிகாப்டர் நிற்கிறது.
இவன் உறைந்த மீனைச் சீவித் தின்றபடி
அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
"யாருக்காகக் காத்திருக்கிறாய்?" என்று ஒருமுறை கேட்டேன்.
"கியர்பாக்ஸுக்கு."

நிஜத்தில் அப்படித்தான்.
பேட்டரியை இரவே கழற்றி
ஆட்டுத்தோலில் சுற்றி
கணப்பறைக்குத் தூக்கிவர வேண்டும்.
விடியலில் சூடேற்றும் வண்டி வரும்.
மாமத் துதிக்கை மாதிரி ஒரு கான்வாஸ் குழாயை
போர்வைக்குள் நுழைத்து
எஞ்சின், பிறகு கியர்பாக்ஸ்,
மெழுகாய் இறுகிய எண்ணெய்
மனசு இளகும்வரை.
வெறுங்கையால் இரும்பைத் தொட்டால்
தோல் இரும்போடு போய்விடும்.
அவன் வலது கையில் அதற்கு இரண்டு சாட்சி உண்டு,
நகம் இல்லாத சாட்சி.

மூன்று குளிர்காலத்துக்கு முன்
வயர்லெஸ்ஸில் இருந்தவள் நான்.
மான் முகாமிலிருந்து அழைப்பு:
ஓடையின் பனி உடைந்து இன்னோகென்தி
இடுப்புவரை இறங்கிவிட்டார்,
பூட்ஸ் காலோடு உறைந்துவிட்டது.
"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றேன்.
"ஐம்பது."
ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்டேன்.
அப்புறம் மறுபடி.
நாற்பதாவது நிமிடம் குழாயை உருவினான்.

சிவப்பு விளக்கு.
அவ்வளவுதான், அணைத்துவிட்டார்கள்.
அடுத்த நாள் மதியம்
டிராக்டர் போய்ச் சேர்ந்தது.

இன்னோகென்தியைக் கடையில் பார்ப்போம்.
வருஷத்துக்கு ஒரு ஜோடி கம்பளி பூட்ஸ் வாங்கி
வலதை இவனிடம் நீட்டுவார்:
"உன் அளவுதானே, வைத்துக்கொள்!"
கடையே சிரிக்கும். நானும்.
வீட்டில் இப்போது மூன்று வலது பூட்ஸ்.
தூக்கி எறியச் சொல்லி நான் சொன்னதில்லை.
எத்தனை முறை கேட்டாய் என்று
அவனும் சொன்னதில்லை,
யாரிடமும், விசாரணைக்கு வந்தவர்களிடமும்கூட.

கடிகாரம் அடிக்கிறது.
கடைசி மீன் துண்டை வைத்துவிட்டுக் கை துடைக்கிறான்.
துணை எஞ்சின் ஒரு நாய்க்குட்டி ஊளை.
இடது. வெப்ப முள் ஏறி, தயங்கி, கொஞ்சம் இறங்கி,
நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறது.
வலது.
தகடுகள் சுழலச் சுழலத் திரை முழுக்கப் பனித்தூள்.
அவன் பறப்பதில்லை. ஒருநாளும் பறந்ததில்லை.
கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு
சும்மா கேட்கிறான்.

மேசையில் அவன் தேநீர்
ஒரு வளையம்கூடப் போடாமல் நிற்கிறது.
எதிரே உட்கார்ந்திருக்கும் நான்
முழங்காலால் மேசையை
அடியிலிருந்து மெல்ல ஆட்டுகிறேன்.