மார்ச் என்று திருத்தியது

மார்ச் இருபதிலேயே
யஸ்னாவின் மூக்கோரம் உரியத் தொடங்கிவிட்டது.
கோடை முழுக்கப் பிழிந்த ஜெல் குழாய்
வால் சுருண்டு
பல்துலக்கும் குவளையில் தலைகீழாக நிற்கிறது.
முகம் கழுவித் துடைத்தால்
ஒரு சுற்றுச் சிறிய சட்டையைப் போட்டதுபோல
கன்னம் இறுக்குகிறது.
சிரிக்குமுன் யோசிக்க வேண்டியிருக்கிறது.

புதிய டப்பாவுக்குள் மடித்து வைத்த தாள்
வடக்கில் எங்கோ அச்சடித்தது:
செப்டம்பர் பிறந்ததும் நுரைப்பதை நிறுத்துங்கள்,
பாலாடை போன்றதற்கு மாறுங்கள்.
படத்தில் ஒருத்தி, தோளில் சிவப்பு மேப்பிள் இலை,
காற்றே தொட்டிராத நெற்றி.
அவளுக்கு இலை உதிரும்போது
இங்கே ஆடுகள் குட்டி போடும்.
யஸ்னா பேனாவை எடுத்து
செப்டம்பரை அடித்து மார்ச் என்று எழுதினாள்.
அக்டோபரை ஏப்ரல் ஆக்கினாள்.
டிசம்பரில் கொஞ்சம் நின்றாள்:
'பண்டிகை விருந்துகளுக்கு மின்னும் முகம்.'
ஜூனில் யார் விருந்து வைக்கிறார்கள்?
அதை அப்படியே விட்டுவிட்டாள்.

தெற்கிலிருந்து வருவதாலேயே
ஒரு காற்று தென்றல் ஆகிவிடாது.
மேற்கிலிருந்து வருவது இன்னும் மோசம்.
புந்தா அரேனாஸின் தெருமுனைகளில்
ஆட்கள் பிடித்து நடக்கக் கயிறு கட்டுவார்கள்.
அதற்கு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை,
முதுகைக் கொடுத்துவிட்டுப் பேசுவார்கள்.

படகுத்துறையில் அவளுடைய சீட்டு ஜன்னல்.
கண்ணாடியில் அரைவட்டத் துளை,
பணம் உள்ளே, சீட்டு வெளியே,
நடுவே ஜலசந்தியின் குளிர்.
இருபத்திரண்டு வருடமாக அது
அவள் இடது கன்னத்தைத்தான் தேடி வருகிறது.
காலடியில் ஹீட்டர்
மிச்ச ஈரத்தையும் குடித்துவிடும்.
'அமிலமெல்லாம் வாரம் ஒரு தடவை போதும்' என்றாள்
மருந்துக்கடை நெரினா.
'முகத்தை ஒற்றி எடு, தேய்க்காதே.
ஈரம் காயுமுன் கிரீம்.'
அன்றிரவிலிருந்து
வலது கன்னத்துக்கு ஒரு பட்டாணி, இடதுக்கு இரண்டு.
விரலில் மிஞ்சியது கழுத்துக்கு.
கழுத்தை ஏன்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

ஏப்ரல் நடுவில், மலையில் லெங்கா மரங்கள்
துருப்பிடித்த நிறத்துக்கு வந்த வாரம்,
செகுந்தோ மன்சீயா வந்தான்.
போர்வெனீருக்கு ஒரு சீட்டு.
'ரோமம் வெட்டும் காலம் முடிந்ததே?'
'இப்போது முகம் மட்டும்' என்றான்.
'கண்ணைச் சுற்றி மழிக்க வேண்டும்.
விட்டால் பனி பிடித்து உறையும்,
குருட்டுத்தனமாய் வேலியில் போய் முட்டும்.
நாலாயிரம் முகம்.'

சில்லறை வாங்கும்போது
அவன் உள்ளங்கை அவள் விரலில் பட்டது.
திடுக்கிட்டாள்.
லெங்கா பட்டைபோல வெடித்த முகத்துக்குக் கீழே
பச்சைக்குழந்தையின் கை.
'ஆட்டுப் பிசுக்கு' என்று சொல்லிக்கொண்டே
படகை நோக்கிப் போய்விட்டான்.

இரவு, கண்ணாடி போட்டுக்கொண்டு
டப்பாவின் அடியைப் படித்தாள்.
பொடி எழுத்தில் ஏழாவது பெயர்: லனோலின்.
கம்பளி மெழுகுதான்.
கடல் தாண்டிப் போய்
மேப்பிள் இலை ஒட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறது.

தாளில் இன்னும் ஒரு வரி பாக்கி:
'வெயில் தணிந்துவிட்டது,
சன்ஸ்கிரீனை இனி எடுத்து வைக்கலாம்.'
இதற்கு மாதத்தைத் திருத்தினால் போதாது.
இந்த ஊர் வானத்தின் கூரை
வருடாவருடம் கிழிந்து தைக்கப்படுவது;
தையலை நம்பி யாரும் வெளியே போவதில்லை.
வரியையே முழுதாக அடித்தாள்.
அந்த வெள்ளைக் குழாய்
வழக்கம்போல் வாசல் ஆணியருகே,
சாவியோடு.

மே ஏழு. திரும்பும் படகு.
நாலாயிரம் முகம் முடித்தவன்
ஜன்னல் முன்னால் வந்து நிற்கிறான்,
கீழுதடு பிளந்து, புருவம் வெளுத்து.
யஸ்னா அரைவட்டத் துளை வழியே
பாதி தீர்ந்த டப்பாவைத் தள்ளுகிறாள்.
'கைக்கு இல்லை.'
மூடியைத் திறந்து மோந்து பார்த்தவன்
அவளையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்க்கிறான்:
'இதற்குப் போய்க் காசு கொடுத்தாயா?'

சிரித்தாள்.
இடது கன்னம் இழுக்கவில்லை.