சம்பளத்துக்குச் சுடுகிறவர்

காலை ஐந்தரைக்கு மூடுபனி
ரப்பர் பூட்ஸுக்குள்ளும் இருக்கிறது.
ரொசெண்டோ கிஸ்பி மேடேறுகிறார்,
தோளில் காற்றுத் துப்பாக்கி,
பையில் வேகவைத்த சோளக்கதிர், காகிதத்தில் உப்பு.

தெற்கு ஈக்வடாரில் இந்த ஒரு சரிவில்தான்
மிஞ்சியிருக்கிறது அந்தப் புதர்க்குருவி.
வெளிறிய தலை, சாம்பல் முதுகு,
கையை மூடினால் காணாமல் போகிற உடம்பு.
மலைமூங்கிலும் முள்ளும் பின்னிய ஈர இருட்டில்
நமத்த தீக்குச்சி போல அதன் குரல்:
மூன்று முறை உரசும்,
நான்காவதில் பற்றிக்கொள்ளும்.

போன எண்ணிக்கையில் நாற்பத்தொரு ஜோடி.
ரொசெண்டோ கணக்கில் நாற்பது.
கீழ் ஓடைக்காரன் இப்போது தனியாகத்தான் பாடுகிறான்.

மாட்டுக்குருவியைச் சுட வேண்டும், அதுதான் வேலை.
கூடு கட்டத் தெரியாத கறுப்பன்.
வெயில் பட்டால் ஊதா மின்னும். அழகன்தான்,
அதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.
புதர்க்குருவியின் கூட்டில் முட்டையை வைத்துவிட்டு
மாடுகளின் காலடிக்குப் போய்விடும் பூச்சி பொறுக்க.
ஞாயிற்றுச் சந்தையில் கேலி செய்கிறார்கள்:
குருவியைக் காப்பாற்றக் குருவியைச் சுடுகிறான்.
பால் விற்றதைவிடச் சம்பளம் கூட, என்பாள் சொய்லா,
உருளைக்கிழங்கை எடைபோட்டபடி.

மாடுகளை இங்கே ஏற்றிவந்தது யார் என்று மட்டும்
யாரும் கேட்பதில்லை.
பதினேழு கிடாரிகள். இரண்டு கோடை.
ஓடைவரை புதரை அவரும் தம்பி ஹாசிந்தோவும்தான்
வெட்டி எரித்தார்கள்.
அப்போது புகைக்கு அந்தப் பக்கம்
ஏதோ பாடிக்கொண்டுதான் இருந்தது.
ஏதோ ஒரு குருவி.

இன்று முழங்கால் உயரத்தில் ஒரு கூடு.
உள்ளே ஒரே குஞ்சு, கூடு வழிய.
தாயைவிடப் பெரிது.
தாய் அதன் முதுகில் ஏறி நின்று ஊட்டுகிறாள்.
ஊட்டி முடிக்குமுன்
மறுபடி திறக்கிறது அந்தச் சிவப்புக் குழி.

விதி தெளிவானது. கை பழகியது.
குஞ்சு சூடாக இருந்தது,
அதன் நெஞ்சு அவர் கட்டைவிரலில் அடித்தது, கொஞ்ச நேரம்.
நோட்டில் பென்சிலால்: அகற்றப்பட்டது, 1.

அவள் புழுவோடு திரும்பினாள்.
கூட்டின் விளிம்பில் நின்றாள்.
இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம்.
அலகில் புழு நெளிந்துகொண்டே இருந்தது,
பிறகு நெளியவில்லை.
ரொசெண்டோ சோளத்தை உரிக்காமல் உட்கார்ந்திருந்தார்
கைகளை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி.

நெடுநேரம் கழித்து
அவளே அதை விழுங்கினாள்.

அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.
வானிலை என்ற இடத்தில்
தூறல் என்று எழுதினார்.
தூறவில்லை.