ஐம்பத்தொன்றாம் நாள்

அக்டோபரிலிருந்து மார்ச் வரை
ஹாக்கி அரங்கில் ஐஸ் போடுவது என் வேலை.
சுடுநீரை மெல்லிசாக இழுத்துவிட்டு
அது இறுகும் சத்தத்தைக் கேட்டபடி நிற்பேன்.
ஏப்ரலில் பூட்ஸை மாற்றிக்கொண்டு
கோல்ஃப் மைதானத்துக்குப் போவேன்.
அங்கே ஐஸ் என்றால் கெட்ட வார்த்தை.

இந்த வருஷம் ஜனவரி ஒன்பதில்
மானிடோபாவில் மழை பெய்தது,
எவரும் கேட்காத மழை.
விடிவதற்குள் மைனஸ் இருபத்தாறு.
பதினெட்டு க்ரீனிலும் இரண்டு விரற்கடைக்கு ஐஸ்.
நானே போட்டிருந்தாலும்
அத்தனை வழவழப்பு வந்திருக்காது.

அடுத்த திங்கள் வகுப்பு தொடங்கியது.
புல்லியல், எட்டு வாரம்.
நாற்பத்துமூன்று வயதில் கோடு போட்ட நோட்டு வாங்கினேன்.
ஆசிரியை ப்ரிஜெட் லவாலேக்கு இருபத்தொன்பது;
யோசிக்கும்போது ஸ்வெட்டர் நுனியைக் கடிப்பாள்.
பக்கத்து இருக்கையில் ஓரெஸ்ட்,
பன்றிப் பண்ணையை விற்றுவிட்டு வந்தவன்.
மருந்து தெளிப்பானின் கணக்கை மனசிலேயே போடுவான்,
ஃபாஸ்ஃபரஸ் என்றதும் தூங்கிவிடுவான்.

"ஐஸுக்கு அடியிலும் புல் மூச்சுவிடுகிறது" என்றாள் ப்ரிஜெட்.
"விட்ட மூச்சுக்கு வெளியே போக வழியில்லை.
பென்ட்கிராஸ் நூறு நாள் தாங்கும்.
போவா ஆனுவா அறுபதைத் தாண்டுவது கஷ்டம்."

போவா ஆனுவா ஒரு களை. புத்தகத்தில் அப்படித்தான்.
எங்கள் க்ரீன்களில் பத்துக்கு ஏழு பங்கு அதுதான்.
யாரும் விதைக்காமல் வந்து
முப்பது வருஷம் உறுப்பினர்களின் பந்தை
உருட்டிக் கொடுத்திருக்கிறது.

ஐம்பத்தொன்றாம் நாள், ஞாயிறு,
துளைக்கருவியோடு ஏழாம் க்ரீனில் மண்டியிட்டேன்.
ஐஸ் விட்டுக்கொடுத்ததும் ஒரு நாற்றம்:
ஊசிப்போன வெண்ணெய்,
ஆட்டம் முடிந்து மூன்று நாள் திறக்காத ஹாக்கிப் பை.
காபி டப்பா அகலத்துக்கு ஒரு வட்டம் பெயர்த்தேன்.
வைக்கோல் நிறம்.
சமையலறை ஜன்னலில் வைத்தேன்,
பாத்திர சோப்புக்கும் பூனையின் கிண்ணத்துக்கும் நடுவில்.

க்ரீன் கமிட்டித் தலைவர் ஸ்டெஃபான்சன், பல் டாக்டர்,
ஃபோனில் கேட்டார்: "மே மாசம் திறந்துடலாம்தானே?"
என் கடைவாயைப் பார்த்து அவர் சொல்வதையே
அவருக்குத் திருப்பிச் சொன்னேன்:
"பார்க்கலாம்."

தேர்வில் பதினோராம் கேள்வி.
அறுபது நாள் ஐஸ், பெரும்பாலும் போவா ஆனுவா;
நிர்வாகத்துக்கு என்ன அறிக்கை தருவாய்?
"செத்திருக்கும்" என்று எழுதினேன்.
அடித்தேன்.
"ஜன்னலில் வைத்திருக்கிறேன், இன்னும் தெரியவில்லை"
என்று எழுதிவிட்டு வெளியே வந்தேன்.
வாசலில் ஓரெஸ்ட் சிகரெட்டைக் கவிழ்த்துப் பிடித்து
பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டாம் காலை
பூனைக்குப் பால் ஊற்றக் குனிந்தபோது பார்த்தேன்,
வைக்கோலுக்குள் பச்சை ஊசிகள்.
பல்குச்சியால் தள்ளித் தள்ளி எண்ணினேன். பத்தொன்பது.
படம் எடுத்து ப்ரிஜெட்டுக்கு அனுப்பினேன்:
பிழைச்சிடுச்சு!
ஒரு மணி நேரம் கழித்துப் பதில்:
"பெரிதாக்கிப் பார். பழைய கழுத்திலிருந்து எதுவும் வரவில்லை.
இது பிழைத்ததல்ல, முளைத்தது. மண்ணில் கிடந்த விதை.
அறிக்கையில் இரண்டும் வேறு வேறு வரி."

கத்தியால் பிளந்து பார்த்தேன்.
பழைய புல்லின் கழுத்து
நனைந்த காகிதம் மாதிரி விரலோடு வந்தது.
ஏழாம் க்ரீனை வெட்டி, உருட்டி, பனி துடைத்த விரல்.
கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்றேன்.
பூனை வந்து
பத்தொன்பதில் இரண்டைத் தின்றுவிட்டுப் போயிற்று.

ஸ்டெஃபான்சனிடம் "ஜூன் கடைசி" என்றேன்.
மறுமுனையில் பேச்சில்லை;
யாருக்கோ பல் ராவும் சத்தம் மட்டும்.

அன்று ராத்திரி அரங்கில் இறுதிச்சுற்று.
வண்டியைக் கிளப்பி, சுடுநீரைத் திறந்தேன்.
அடியில் வெறும் கான்கிரீட். தெரியும்.
இருந்தும் இறங்கி, கையுறையை ஊன்றி,
ஒரு தடவை மோந்து பார்த்தேன்.