ஆளுக்கொரு பாகம்

சட்டகம் நுக்சாருடையது.
சுரங்க ஆலைக்குப் பின்னால் குப்பைமேட்டில்
பனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த எலும்பை
முதலில் பார்த்தவன் அவன்.
முன் சக்கரம் மல்காஸ். பின் சக்கரம் கேலா,
அது இரண்டு அங்குலம் பெரியது.
அதனால் எங்கள் சைக்கிள்
சமதரையில் நின்றாலும்
இறக்கத்தில் நிற்பது போலவே நிற்கும்.
சங்கிலியை சியாலா கொண்டுவந்தாள்,
எங்கிருந்து என்று கேட்கக் கூடாதென்ற நிபந்தனையோடு.
மாவு மில்லில் ஓர் எந்திரம்
அந்த வாரம் நின்றுபோயிருந்தது.

கைப்பிடி நான்.

குழாயில் தண்ணீர் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.
கரண்ட் இல்லை, பம்பு இல்லை,
சியாத்துராவின் ரோப் கார் பெட்டிகள்
பள்ளத்தாக்குக்கு மேலே பாதி வழியில்
யாரோ மறந்துபோன வாக்கியங்களாகத் தொங்கின.
வராத தண்ணீருக்கு எதற்கு இவ்வளவு குழாய்?
அம்மா ரொட்டி வரிசையில் நின்ற நேரம்
குளியலறைச் சுவரில் ஒன்றரை முழம் அறுத்தெடுத்து
அந்த இடத்தில் ஒரு துண்டை மாட்டினேன்.
உள்ளே மணல் நிரப்பி, பழுக்கக் காய்ச்சி,
பாலத்துக் கம்பி இடுக்கில் கொடுத்து
நாலு பேரும் தொங்கி வளைத்தோம்.
இடப்பக்கம் கொஞ்சம் கூடிப்போயிற்று.
நேராகப் போக வேண்டுமென்றால்
வலப்பக்கம் ஓட்ட வேண்டும்.
மூன்று நாளில் பழகிவிட்டது.

பிரேக் யாருடையதும் இல்லை.

மேட்டுத் தெருவிலிருந்து ஆறு வரை ஒரே இறக்கம்.
ஆறு என்றால் மாங்கனீஸ் கரைந்த கறுப்பு.
வலது பூட்ஸைத் தரையில் தேய்த்து நிறுத்துவோம்,
நிற்காவிட்டால் எகுலாவின் கோழிக்கூண்டு நிறுத்தும்.
இரண்டு முறை நிறுத்தியது.
மூன்றாம் முறைக்குள் எகுலா கூண்டை நகர்த்திவிட்டார்.
சியாலா ஆற்றிலிருந்து கறுப்பாக எழுந்து வந்து
'சங்கிலி நன்றாக இருக்கிறது' என்றாள்.

ஒரு சட்டம் வைத்திருந்தோம், கேலா போட்டது:
விலகிப் போகிறவன் தன் பாகத்தை எடுத்துக்கொண்டு போகலாம்.
சண்டை வந்தால் என்று யோசித்துப் போட்டது.
சண்டை வரவே இல்லை.

கேலாவின் அப்பாவுக்கு வோரோனெஷில் வேலை கிடைத்தது.
பஸ்ஸின் மேல், மெத்தைக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே
பின் சக்கரத்தைக் கட்டியிருந்தார்கள்.
பஸ் நகர்ந்ததும் காற்றில் அது சுற்றத் தொடங்கியது.
எங்களில் ஒருவரும் ஏறாமல்
அது ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.
மல்காஸ் வசந்தத்தில் கிரீஸுக்குப் போனான்.
சக்கரம் வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான்.
ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது,
சட்டம் சட்டம்தான் என்று
நுக்சார் அதை அவன் கழுத்தில் மாட்டிவிட்டான்.
சியாலா சொல்லிக்கொள்ளவில்லை.
காலையில் எங்கள் கதவில்
ஐந்து விரல் கிரீஸ் இருந்தது.
நுக்சார் எங்கும் போகவில்லை. சட்டகத்தில்
அவன் அம்மா துணி காயப்போட்டாள்.

தொண்ணூற்றாறு அக்டோபர், இரவு மூன்று மணி,
தண்ணீர் வந்துவிட்டது.
எல்லா வீட்டிலும் குழாய் வழியாக,
எங்கள் வீட்டில் சுவர் வழியாக.
கணுக்கால் நீரில் நின்ற அம்மா
துண்டைத் தூக்கிப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
'இந்தத் துண்டு மட்டும் ஏன் நனைவதே இல்லை என்று
மூன்று வருஷமாக யோசித்தேன்' என்றாள்.

புதுக் குழாய்க்குக் கடையும் இல்லை, காசும் இல்லை.
கைப்பிடியை நிமிர்த்தினேன்.
முழுக்க நிமிரவில்லை.
ரெண்டு முனையிலும் பழைய டியூப் ரப்பரைச் சுற்றி
வந்த இடத்திலேயே சொருகினோம்.

அம்மா வீட்டில் அது இன்னும் அங்கேதான்.
குழாயைத் திறந்தால் சுவருக்குள் ஒரு முனகல்,
தண்ணீர் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து திரும்பி
மேட்டுத் தெரு வேகத்தில் இறங்கி வருகிறது.
மூடக் கை நீட்டுவதற்குள்
என் வலது கால்
தரையில் தேய்கிறது.