மேக்காலச் சுவர்

வைகாசியில் குடி வந்தோம்.
ஆடி பிறந்ததும்
சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு
என்னவோ ஆகிவிட்டது.
மிளகாய் கிள்ளிப் போட்டு நான் இருமிக்கொண்டிருக்க,
ஒவ்வொரு இறக்கையாக எண்ணிக் காட்டியபடி
அது சுற்றுகிறது,
சந்தைக்கு வந்து எதுவும் வாங்காமல்
நடக்கிற ஆள் மாதிரி.

எங்கூட்டுக்காரருக்குக் காற்றாடியில்தான் வேலை.
பூளவாடிப் பக்கம் பதினாலு காற்றாடி
அவர் பொறுப்பு.
இடுப்புப் பெல்ட்டில் கொக்கி மாட்டி
எண்பது மீட்டர் ஏறி கிரீஸ் வைத்துவிட்டு வருவார்.
வீட்டில் ஸ்டூல் மேல் ஏறச் சொன்னால்
"ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம் புள்ள."

நானே ஏறினேன்.
நாலு ஸ்க்ரூ. ஒன்று தலை மழுங்கியது.
இறக்கையில் முன்னால் குடியிருந்தவர்களின்
மூன்று வருஷத் தாளிப்பு.
கருவாடு தின்கிறவர்கள் என்று தெரிந்தது.
கரண்டிக் காம்பால் சுரண்டி,
சோடா உப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி,
தையல் மிஷின் எண்ணெய்
புஷ்ஷுக்கு ரெண்டு சொட்டு.
சுண்டினால் சர்ரென்று ஓடியது.
மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.
அதே நடை.

உடுமலை வைண்டிங் கடையில் நஞ்சப்பன்
காதில் செருகிய பென்சிலை எடுக்காமலே சொன்னார்:
"கெபாசிட்டரா இருக்குமுங்க."
இரண்டரை மைக்ரோ, எண்பது ரூபாய்.
அதே நடை.
"அப்பக் காயில் போயிருக்குமுங்க.
சுத்தறதுக்குப் புதுசே வாங்கிப்போடலாம்."
ஆயிரத்து நானூறு.
புதுசும் வந்து
பழசின் நடையையே நடந்தது.

அன்று ராத்திரி கரண்ட் போனது.
தண்ணி குடிக்கப் போனவள் நின்றேன்.
இருட்டுக்குள் விர்ரென்று ஒரு சத்தம்.
டார்ச் அடித்தால்
ஃபேன் சுற்றுகிறது.
கரண்ட் இல்லாமல். பின்பக்கமாக.
இறக்கையே தெரியாத வேகத்தில்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக
ஊர் ஊராகத் தென்னையைக் குனிய வைத்து வருகிற காற்று
எங்கள் அடுப்படிக்குள்ளும்
வந்துகொண்டிருந்திருக்கிறது.
நாற்பது வாட்டை வைத்துக்கொண்டு
அந்தப் பழசு
இத்தனை நாளும் எதிர்த்து ஓடியிருக்கிறது.
அதைப் போய் நான் சுரண்டிச் சுரண்டி வைதேன்.

அவரை எழுப்பிக் காட்டினேன்.
லுங்கியை இறுக்கிக்கொண்டு பார்த்தார்.
"மேக்கால செவுத்துல எவன் ஓட்டை போட்டான்?
எங்குளுதுன்னா காத்துக்குத் தக்கன
தானாத் திரும்பிக்கும்.
இதுக்குக் கழுத்து இல்ல."
ரெண்டு மாசமாக இதே வீட்டில்தான் சாப்பிடுகிறார்,
காற்று எந்தப் பக்கம் என்று
சம்பளம் வாங்கிக்கொண்டு பார்க்கிற மனுஷன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஆயிரத்து நானூறையும் சொல்லவில்லை.

இப்போது சுவிட்சைத் தொடுவதில்லை.
கிழக்குக் கதவைத் திறந்தால் போதும்.
காற்று ஃபேன் வழியாக வந்து
புகையைக் கூட்டிக்கொண்டு
நேரே மல்லீஸ்வரி வீட்டுக்குப் போகிறது.
"இன்னைக்குக் கொள்ளுப் பருப்புங்களாக்கா?" என்கிறாள்
துணி காயப்போட்டபடி.
ஒரு கிண்ணம் தரவேண்டியிருக்கிறது.

சிம்மில் வைத்தால் மட்டும்
அடுப்பு அணைந்துவிடுகிறது.